நீடிக்கும் இதய உறை அழற்சி: மருந்தா, ஜன்னலா, உறை நீக்கமா?

கையில் எக்கோ ரிப்போர்ட்டும் சி.டி. படமும் இருக்கும். மூன்று மருத்துவர்களிடம் மூன்று விதமான யோசனையும் வாங்கியாயிற்று. ஒருவர் இன்னும் மூன்று மாதம் மாத்திரையில் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் சின்ன வழி திறந்து நீரை வடித்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர் மார்பைத் திறந்து உறையையே எடுக்க வேண்டும் என்கிறார். யாரை நம்புவது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. மூவரில் ஒருவர் தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். 'நாட்பட்ட பெரிகார்டைட்டிஸ்' (நீடிக்கும் இதய உறை அழற்சி) என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன: ஓயாத அழற்சி, திரும்பச் சேரும் நீர், இறுகிய உறை. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றில் வெறும் காலதாமதம்.

இதயம் ஒரு பைக்குள் இருக்கிறது. அந்தப் பையின் வெளியடுக்கு தடித்த நார்த்தாள். உள்ளடுக்கு இதயத் தசையோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. நடுவே உராய்வு தடுக்க 15 முதல் 50 மி.லி. திரவம் இருக்கும். இந்த உறையில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அழற்சியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். இதயத்தின் உட்சவ்விலும் வால்வுகளிலும் கிருமி தொற்றுகிற எண்டோகார்டைட்டிஸ் வேறு நோய். அதற்கான அறுவை சிகிச்சையும் வேறு.

## எதை வைத்து முடிவெடுப்பது

இதயம் இறுகியிருக்கிறதா? முதல் கேள்வி இதுதான், மற்றவை இதற்குப் பின்னால். உறை இறுகிவிட்டால் இதயம் சுருங்கும், ஆனால் விரிய இடமிருக்காது. இரத்தம் பின்னால் தேங்கும். கழுத்துச் சிரை (இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய்) புடைக்கும், மூச்சை உள்ளிழுக்கும்போது புடைப்பு குறையாமல் கூடும். ஈரல் வீங்கும். கால் வீக்கத்தைவிட வயிற்று நீர் முந்திக்கொண்டு வருவதும் உண்டு. அதனால் பலர் மாதக்கணக்கில் ஈரல் நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வயிற்றில் நீர் இருந்து கழுத்துச் சிரையும் புடைத்திருந்தால் இதயத்தைப் பார்க்காமல் ஈரலைக் குறை சொல்லக்கூடாது.

எக்கோவில் மூச்சோடு சேர்ந்து இதயத்தின் நடுச்சுவர் இடம் மாறுகிறதா, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு வளையத்தின் உட்பக்கத் திசுவேகம் நொடிக்கு 9 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கிறதா, ஈரல் சிரையில் மூச்சு விடும்போது ஓட்டம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் நீடித்தால் கத்தீட்டர் பரிசோதனை, அதாவது இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அழுத்தம் அளப்பது. இதயம் தளரும் வேளையில் எல்லா அறைகளின் அழுத்தமும் ஏறக்குறைய சமமாகி 5 மி.மீ. பாதரச வித்தியாசத்துக்குள் வரும். மூச்சை இழுக்கும்போது வலது கீழறை அழுத்தம் ஏறி இடதில் இறங்கும். இந்த எதிரெதிர் அசைவுதான் வலுவான சான்று.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'உறை தடிக்கவில்லை, அதனால் இறுக்கம் இல்லை' என்று சி.டி. ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அறுவையில் இறுக்கம் உறுதியானவர்களை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில், 18 சதவீதம் பேருக்கு உறையின் தடிமன் இயல்பாகவே இருந்தது. எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். அமிலாய்டு (இதயத் தசையில் ஒருவகைப் புரதம் படிவது) போன்ற தசை நோயும் இதே அறிகுறிகளைத் தரும். அதில் உறையை எடுத்தால் துன்பம்தான் மிஞ்சும்.

அழற்சி இன்னும் எரிகிறதா, தழும்பாகிவிட்டதா? சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) உயர்ந்திருந்து, எம்.ஆர்.ஐ.யில் உறை கேடோலினியம் மருந்தை உறிஞ்சிப் பளிச்சிட்டால் அது இன்னும் உயிருள்ள அழற்சி. மருந்துக்கு இளகலாம். சி.ஆர்.பி. இயல்பாக இருந்து, உறை பளிச்சிடாமல், சுண்ணாம்பும் (கால்சியம்) படிந்திருந்தால் எந்த மாத்திரையும் அதைக் கரைக்காது.

உள்ளே நீரா, தடிப்பா, இரண்டுமா? நீரை வடித்த பிறகும் வலது மேலறை அழுத்தம் பாதியாகவோ 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழோ இறங்காவிட்டால், நீருக்கு அடியில் உள்ளடுக்கும் இறுகியிருக்கிறது என்று பொருள்.

காரணம் என்ன? காசநோய், பழைய இதய அறுவை, மார்புக்கு வைத்த கதிர்வீச்சு, தன்னெதிர்ப்பு நோய், காரணம் தெரியாதவை என்று இது பிரியும். அறுவைக்குப் பிந்தைய ஆயுளைப் பெருமளவு தீர்மானிப்பது இதுதான்.

உடலில் தாங்கும் சக்தி இருப்பு எவ்வளவு? ஆல்புமின், பிலிருபின், கிரியாட்டினின் (ஈரல், சிறுநீரக நிலையைக் காட்டும் இரத்த அளவுகள்), உடல் மெலிவு, நுரையீரல் நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

## வழி 1: மருந்திலேயே தொடர்வது

வலி திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் இறுக்கம் இல்லை என்பவர்களுக்கு முதல் வழி இதுதான். இபுப்ரோஃபென் 600 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆஸ்பிரின் 750 முதல் 1000 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே கோல்சிசின்: 70 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவர்களுக்கு 0.5 மி.கி. இருவேளை, அதற்குக் கீழ் ஒருவேளை. திரும்ப வரும் அழற்சிக்குக் குறைந்தது ஆறு மாதம். வலி போனதும் மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சி.ஆர்.பி. இயல்பான பிறகே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு வேகமாக வலியை அடக்கும், அதனாலேயே ஆபத்தானது. அதிக அளவில் தொடங்கி அவசரமாகக் குறைத்தால் நோய் திரும்பி வந்து ஸ்டீராய்டையே சார்ந்து நிற்க வைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மி.கி. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, மிக மெதுவான குறைப்பு, இதுதான் ஏற்கப்பட்ட முறை. அதற்கும் அடங்காதபோது, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன: தினமும் போடும் அனாகின்ரா, வாரமொருமுறை போடும் ரிலோனாசெப்ட். 2021இல் வெளியான ராப்சோடி ஆய்வில் ரிலோனாசெப்ட்டைத் தொடர்ந்தவர்களில் 7 சதவீதத்தினருக்கும், வெற்று ஊசிக்கு மாற்றப்பட்டவர்களில் 74 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. மருந்தின் வலிமை இதில் தெரிகிறது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே தெரிகிறது. தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோயைத் தேடியாக வேண்டும்.

இறுக்கம் தொடங்கியிருந்தாலும் அழற்சி எரிந்துகொண்டிருந்தால் இரண்டு மூன்று மாதம் மருந்து பார்ப்பது நியாயம். இப்படி இளகிப்போகும் தற்காலிக இறுக்கம் உண்மையிலேயே உண்டு. காசநோய் இறுக்கத்தில் சிகிச்சை தொடங்கி நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் நிலைமை தேறாவிட்டாலோ மோசமானாலோ அறுவைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு படிந்திருந்தால் அந்தக் காத்திருப்பும் வேண்டாம்.

வெளியே தெரியாத விலைகள் இவை: நீர் மாத்திரையோடு வலிமருந்தும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் கோல்சிசின் நஞ்சாகும். இறுகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இரத்தம் தள்ள முடியாது, அதனால் வேகமாகத் துடித்துத்தான் சமாளிக்கிறது. 'துடிப்பு அதிகம்' என்று துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து கொடுத்தால் கிடைத்துவந்த இரத்தமும் குறையும். எல்லாவற்றையும்விடப் பெரிய விலை, காலம். தழும்பான உறைக்கு நீர் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போன மாதங்களில் ஈரலும் இதயத் தசையும் கெட்டுப்போகும்.

## வழி 2: பெரிகார்டியல் ஜன்னல்

மார்பெலும்பின் நுனிக்குக் கீழே 4 முதல் 6 செ.மீ. கீறி, உறையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து நீரை வெளியேற்றுவது ஒரு முறை. இடது விலா இடுக்கில் கேமரா வழியாக நுழைந்து உறையிலிருந்து நுரையீரல் உறைக்கு வழி திறப்பது இன்னொரு முறை. முதலாவதற்கு நுரையீரலை மடக்க வேண்டியதில்லை, பலவீனமானவர்களுக்கு ஏற்றது. இரண்டாவதில் பெரிய துண்டை எடுக்கலாம், ஆனால் நோயாளி ஒற்றை நுரையீரல் மூச்சைத் தாங்க வேண்டும்.

நீர் திரும்பத் திரும்பச் சேரும்போது, குறிப்பாகப் புற்றுநோய் காரணமாகும்போது, இது நல்ல தேர்வு. நோயறிய உறைத்துண்டும் கிடைக்கும். காசநோய் சந்தேகத்தில் அந்தத் துண்டு தங்கத்துக்குச் சமம். ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) என்பதில் மட்டும் போடாமல் ஒரு பகுதியைக் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்ல வேண்டும். இதை மறந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

இறுக்கத்துக்கு இது தீர்வே அல்ல. இறுகிய சட்டையில் ஒரு பொத்தான் துளை போட்டால் சட்டை தளராது. மேலும் அழற்சி ஓயாவிட்டால் ஜன்னல் வாரங்களிலோ மாதங்களிலோ ஒட்டி மூடிக்கொள்ளும். பின்னால் முழு உறை நீக்கம் தேவைப்பட்டால் அந்த ஒட்டல் அறுவையைக் கடினமாக்கும்.

## வழி 3: பகுதி உறை நீக்கம்

இரு பக்கமும் உறையின் மேல் இறங்கும், உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்புகளுக்கு இடைப்பட்ட முன்பகுதியை மட்டும் எடுப்பது. நேரம் குறைவு, இரத்தப்போக்கு குறைவு, நரம்புக்குப் பின்னால் போக வேண்டியதில்லை. அதனால் 'பாதியை எடுத்துப் பார்ப்போம், போதாவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற யோசனை கவர்ச்சியாகத் தெரியும்.

இந்த யோசனையை நாங்கள் ஏற்பதில்லை. இடது கீழறையின் பின்புறமும், உதரவிதானத்தின் மேல் படிந்த அடிப்புறமும் இறுகியபடியே இருந்தால் முன்னால் விடுவிக்கப்பட்ட வலது அறை நன்றாகத் தள்ளும், இடது அறை அதை வாங்க முடியாது. முதல் சில மாதம் தேறியதுபோல இருந்து வீக்கம் திரும்பும். இரண்டாம் முறை திறக்கும்போது உறை இருந்த இடத்தில் இதயமே மார்பெலும்போடு ஒட்டியிருக்கும். முதல் அறுவையைவிட அது ஆபத்தானது.

பகுதி நீக்கம் சரியாகும் சூழல்களும் உண்டு. சுண்ணாம்பு தசைக்குள் ஊன்றியிருந்தால் அந்தத் தீவை அப்படியே விட்டுச் சுற்றி வெட்டுவதுதான் அறிவு. பிடுங்கினால் இதயச் சுவரோ, இதயத் தசைக்கு இரத்தம் தரும் கரோனரி நாளமோ கிழியும். மேசையில் இரத்த அழுத்தம் தாக்குப்பிடிக்காதபோதும் நிறுத்தியாக வேண்டும். இவை கட்டாயத்தால் வருபவை, முன்கூட்டித் திட்டமிடுபவை அல்ல.

## வழி 4: முழு உறை நீக்கம்

தழும்பாகி இறுகிய உறைக்கு நிலையான சிகிச்சை இது ஒன்றே. ஜெர்மானிய அறுவை மருத்துவர்களான ரேனும் சாவர்ப்ரூக்கும் 1913இல் தொடங்கிவைத்த இந்த அறுவையின் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. இதயம் விரிவதைத் தடுக்கும் எதையும் விட்டுவைக்கக்கூடாது. முன்பகுதி, அடிப்பகுதி, இடது ஃப்ரெனிக் நரம்புக்குப் பின்னால் நுரையீரல் நாளங்கள் வரை, மேல் கீழ் பெருஞ்சிரைகள் இதயத்தில் சேரும் இடம் என எல்லாம் விடுபட வேண்டும். நரம்பை அதன் கொழுப்போடும் இரத்தக்குழாயோடும் ஒரு பட்டையாக விட்டு, முன்னும் பின்னும் உறையை எடுப்பார்கள். மின்கத்தியின் சூடு நரம்பில் பட்டால் உதரவிதானத்தின் ஒரு பாதி செயலிழந்து மூச்சுக் கருவியிலிருந்து விடுபடுவதே பாடாகிவிடும்.

எந்தப் பக்கம் திறப்பது? மார்பெலும்பை நடுவே பிளந்தால் வலது அறைகள், பெருஞ்சிரைகள், அடிப்பகுதி எல்லாம் கைக்கு எட்டும். தேவைப்பட்டால் பைபாஸ் இயந்திரத்தில் (அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்வது) இணைப்பதும் எளிது. இடது விலா வழியாகப் போனால் இடது கீழறையின் பக்கமும் பின்புறமும் நன்றாகத் தெரியும், ஆனால் வலது மேலறையும் பெருஞ்சிரைகளும் எட்டாது. சீழ் பிடித்த உறையில் எலும்பைப் பிளந்தால் எலும்புக்கே தொற்று போகும், அங்கே இடது வழி நல்லது. மற்றபடி நடு வழிதான் முழுமைக்கு உதவும்.

பைபாஸ் இயந்திரம் வேண்டுமா? அதற்கு இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்க வேண்டும், உரித்தெடுத்த பரப்பெல்லாம் கசியும். அதனால் பலர் தவிர்ப்பார்கள். ஆனால் இயந்திரம் இருந்தால் இதயத்தைத் தூக்கிப் பின்புறம் எட்ட முடியும். வால்வு அல்லது கரோனரி வேலையும் சேர்ந்திருந்தால் வேறு வழியில்லை. பயன்படுத்தாவிட்டாலும் இயந்திரம் தயாராக அருகில் நிற்க வேண்டும். ஒட்டிய இதயத்துக்கு உள்ளிருந்து மின்னதிர்வு கொடுக்க இயலாது, அதனால் வெளி ஒட்டுத்தகடுகளைத் தொடக்கத்திலேயே உடம்பில் ஒட்டிவிட வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் இடது கீழறை, பிறகு வலது. மாற்றிச் செய்தால் விடுபட்ட வலது அறை தள்ளும் இரத்தம் இன்னும் இறுகியிருக்கும் இடது பக்கத்தில் முட்டி, நுரையீரலில் நீர் கோக்கும்.

உள்ளடுக்கு. வெளித்தாளை எடுத்த பிறகும் மைய சிரை அழுத்தம் இறங்காவிட்டால் குற்றவாளி தசையோடு ஒட்டிய உள்ளடுக்கு. அதை முழுதாக உரிக்க முடியாதபோது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கீறி விடுவார்கள். வாஃபிள் முறை என்று பெயர். கரோனரி நாளங்கள் அருகிலேயே ஓடுவதால் மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் வேலை இது. 'உள்ளடுக்கும் இறுகியிருந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு அறுவை மருத்துவர் சொல்லும் பதிலில் அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

ஆபத்து. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டி அறுவை சார்ந்த இறப்பை 6 முதல் 12 சதவீதம் என்கிறது. இது சராசரி, உங்களுடைய எண்ணைக் காரணம்தான் சொல்லும். கிளீவ்லண்ட் கிளினிக் 2004இல் வெளியிட்ட தொடரில் ஏழாண்டு உயிர்வாழ்வு, காரணம் தெரியாத இறுக்கத்தில் 88 சதவீதம், பழைய இதய அறுவைக்குப் பின் வந்ததில் 66, கதிர்வீச்சால் வந்ததில் 27. கதிர்வீச்சு உறையோடு நிற்பதில்லை. தசை, வால்வு, கரோனரி, நுரையீரல் எல்லாவற்றையும் தொட்டிருக்கும். உறையை மட்டும் எடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கிடந்த தசை மெலிந்திருக்கும். உறை விலகியதும் அறைகள் திடீரென விரிந்து, இரத்தத்தை வெளியே தள்ள வலுவில்லாமல் தவிக்கும். முதல் இரண்டு மூன்று நாள் இதயத்துக்கு ஊக்க மருந்து, அளந்து கொடுக்கும் திரவம், சிலருக்கு பலூன் பம்ப் (இதயத்துக்குத் துணையாக இரத்தக்குழாயில் வைக்கும் கருவி) தேவைப்படுவது இதனால்தான். அறுவைக்கு முந்தைய வாரங்களில் நீர் மாத்திரையால் வீக்கத்தைக் குறைக்கலாம், ஆனால் வறள விட்டால் மயக்கம் கொடுக்கும்போதே இரத்த அழுத்தம் சரியும்.

இறுக்கமே இல்லாமல் வலி மட்டும் திரும்ப வருபவர்களுக்கும் இந்த அறுவை உண்டு, ஆனால் கடைசி வழியாக. மேயோ கிளினிக்கில் 2012இல் வெளியான ஒப்பீட்டில் அறுவை செய்துகொண்ட 58 பேரில் 8.6 சதவீதத்தினருக்கும், மருந்தில் தொடர்ந்த 126 பேரில் 28.6 சதவீதத்தினருக்கும் அழற்சி திரும்பியது. அறுவையால் யாரும் இறக்கவில்லை. அனுபவமிக்க இடத்தில், முழு நீக்கமாகச் செய்தபோது கிடைத்த விளைவு இது. பாதி உறையை விட்டுவிட்டால் மிச்சத்தில் வலி தொடரும்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | எதைத் தீர்க்காது | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|
| மருந்து | சி.ஆர்.பி. உயர்ந்து, உறை எம்.ஆர்.ஐ.யில் பளிச்சிடும்போது | தழும்பு, சுண்ணாம்பு | ஸ்டீராய்டு சார்பு, கைநழுவும் காலம் |
| ஜன்னல் | திரும்பச் சேரும் நீர், நோயறியத் திசு தேவை | இறுக்கம் | மூடிக்கொள்ளும், ஒட்டல் |
| பகுதி நீக்கம் | முழுதாக எடுக்க முடியாத கட்டாயம் | பின்புற, அடிப்புற இறுக்கம் | ஆபத்தான இரண்டாம் அறுவை |
| முழு நீக்கம் | நிலைத்த இறுக்கம், உடலில் இருப்பு உள்ளபோது | தசை நோய், கதிர்வீச்சுச் சேதம் | முதல் நாட்களின் இதயத் தளர்வு, நரம்புச் சேதம் |

## எப்போது காலம் கடந்துவிட்டது

உடல் எலும்பும் தோலுமாகி, ஆல்புமின் மிகக் குறைந்து, ஈரல் சுருங்கி, ஓய்விலேயே இதய வெளியேற்றக் குறியீடு (உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இதயம் நிமிடத்தில் தள்ளும் இரத்தம்) 1.2 லிட்டருக்குக் கீழே போனவர்களுக்கு அறுவை பெரும்பாலும் பலன் தராது, இறப்பு அபாயம் மிக அதிகம். மறுமுனையில், தற்செயலாகச் சுண்ணாம்பு தெரிந்தும் மூச்சுத்திணறலோ வீக்கமோ இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நீர் மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போகிறது என்ற கட்டம்தான் அறுவைக்கு உகந்தது. இன்னும் கொஞ்சம் தாங்கலாமே என்று தோன்றுவதும் அப்போதுதான்.

## கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

ஆண்டுக்கு எத்தனை உறை நீக்கம் செய்கிறீர்கள்? முழு நீக்கமா, நரம்புக்குப் பின்னாலும் எடுப்பீர்களா? சி.டி.யில் வலது கீழறைக்கும் மார்பெலும்புக்கும் இடைவெளி எவ்வளவு? முன்பு கரோனரி பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள், மார்பெலும்பை அறுக்கும்போது பழைய ஒட்டுக்குழாய் குறுக்கே வருமா என்றும் கேட்க வேண்டும். வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள டிரைகஸ்பிட் வால்வின் கசிவு எவ்வளவு என்பதும் கேட்கத் தக்கது. உறை விலகி வலது அறை விரியும்போது அந்தக் கசிவு கூடலாம், அதே மேசையில் சரிசெய்யத் திட்டமிட வேண்டியிருக்கலாம்.

பிளந்த எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை கனமான எதையும் தூக்கக்கூடாது. காசநோய் காரணமென்றால் உறை போனதும் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது, முழுக் காலமும் முடிக்க வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்த்துக் குறித்து வைப்பது நல்லது. வீக்கம் உடனே வடியாவிட்டால் அறுவை தோற்றது என்று பொருளல்ல. இதயம் விரியப் பழக மாதங்கள் ஆகலாம். ஆனால் மூன்றாம் மாத எக்கோவிலும் நடுச்சுவரின் மூச்சசைவும் கழுத்துச் சிரைப் புடைப்பும் அப்படியே இருந்தால், விட்டுப்போன உறையா, மெலிந்த தசையா, கூடிய வால்வுக் கசிவா என்று பிரித்தறிந்த பிறகே அடுத்த மாத்திரையை எழுத வேண்டும்.